பக்கெட் ஜெர்வே, உரிமையாளர் லூக்

ஜூன் 11

நாய் பிடிக்கும் என்பதற்காக இல்லை. நாய் பிடித்தவர்கள் எல்லோரும் கால்நடை மருத்துவம் படிக்கக் கிளம்பினால் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் பால் கறக்க ஆள் இருக்காது. காசுக்காகவும் இல்லை. எனக்குச் சம்பளம் தரும் கால்நடை மருத்துவர் டாக்டர் ஹேஸ்கலின் வண்டியைப் பார்த்தாலே தெரியும், பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். அப்புறம் எதற்கு?

அதுதான் கேள்வி. விண்ணப்பத்தில் அப்படியேதான் கேட்டிருக்கிறார்கள். நீ ஏன் கால்நடை மருத்துவர் ஆக வேண்டும், மூவாயிரம் எழுத்துக்குள் சொல். காற்புள்ளியும் இடைவெளியும் அதில் சேர்த்தி. செப்டம்பர் நடுவில் கடைசி நாள். பட்டம் இல்லாதவர்களையும் இரண்டு கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன, குறிப்பிட்ட பாடங்களை முடித்திருந்தால் போதும். நான் மூன்றாம் வருஷம் பாதியில் விட்டவள். விட்ட பாடங்களை சாயங்கால வகுப்பில் ஒவ்வொன்றாக முடித்துவிட்டேன். ஆக, மிச்சம் இந்தக் கட்டுரை மட்டும்தான்.

"சின்ன வயதிலிருந்தே" என்று எழுதினேன். அடித்தேன். மூவாயிரமும் அப்படியே மிச்சம்.

ஜூன் 13

கிளினிக்கில் காப்பி நேரத்தில் வாயை விட்டுவிட்டேன். பெவ் பிடித்துக்கொண்டார். பெவ் வரவேற்பு மேசைக்காரர். நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்தவர். நாற்காலியை மாற்றியிருக்கிறார்கள், ஆளை மாற்றவில்லை.

"என்னடி எழுதினே? படி, கேப்போம்."

"ஒண்ணும் எழுதல."

"ஒண்ணும் எழுதாததுக்கா கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

டாக்டர் ஹேஸ்கல் நின்றுகொண்டே சாண்ட்விச் தின்றார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "ஒண்ணே ஒண்ணு," என்றார். "நாய் வேண்டாம். நான் ஒரு வருஷம் அந்தத் தேர்வுக் குழுவுல இருந்திருக்கேன். வர்றவங்க எல்லாரும் ஒரு நாயோடதான் வருவாங்க. மூணாவது வரியில அது செத்துடும். மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு அழுகையே வராது."

"பூனை?"

"பூனையும் சாகும்."

"கோழிய வச்சு எழுதட்டும் டாக்டர்," என்றார் பெவ்.

"கோழி செத்தா குழம்பு வச்சியான்னு கேப்பாங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னிடம் இருப்பதே ஒரு நாய்தான். அதுவும் என்னுடையது இல்லை.

ஜூன் 16

எங்கள் கிளினிக்கில் எல்லா மிருகத்துக்கும் உரிமையாளரின் குடும்பப் பெயரும் உண்டு. வெறுமனே பெல்லா என்று கூப்பிட்டால் நாலு பெல்லா எழுந்து நிற்கும். அதனால் வாஃபிள் ப்ளான்ஷார்ட், ஷெரிஃப் கூலிட்ஜ், திருமதி மீசை டெஸ்மாரே. முகத்தில் சிரிப்பு வராமல் கூப்பிட வேண்டும், அது வேலையில் ஒரு பகுதி.

இன்று வெறிநாய்த் தடுப்பூசிக்கு "பக்கெட் ஜெர்வே" என்று நானே கூப்பிட்டேன், "இருக்கான்" என்று நானே சொன்னேன், நானே உள்ளே கூட்டிப் போனேன். குட்டியாக இருந்தபோது பால் வாளிக்குள் படுத்துத் தூங்குவான், அதனால் அந்தப் பெயர். இப்போது வாளிக்குள் தலை மட்டும்தான் போகும். முகமெல்லாம் நரைத்துவிட்டது.

கணினியில் அவன் பக்கத்தைத் திறந்துவிட்டு பெவ் வழக்கம்போலக் கேட்டார். "உரிமையாளர் பேரை மாத்திடவா? ஒரு நிமிஷ வேலை."

"இருக்கட்டும்."

"ஒவ்வொரு தடவையும் இதையே சொல்றே."

"ஒவ்வொரு தடவையும் இதையே கேக்கறீங்க."

உரிமையாளர்: லூக் ஜெர்வே. என் அண்ணன். இரண்டு வருஷம் முன்னால் மார்ச்சில், பெர்ச் குளத்தில். இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

ஜூன் 20

வெள்ளிக்கிழமை. கார்டு நாள்.

அந்த வாரம் செத்த மிருகங்களின் வீட்டுக்கெல்லாம் துக்க கார்டு போகும். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போடுவார்களாம். படித்தால் அழுவார்கள், அழுதால் மை கலையும், கார்டு வீண். அதனால் பெவ் ஒரு வழி கண்டுபிடித்தார். கூரை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார். பெயர், வாசகம் எல்லாம் மறைந்துவிடும். கீழே கையெழுத்துக்கான இடம் மட்டும் வரிசையாகத் தெரியும். மேலிருந்து கீழே சரசரவென்று போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். சாக்ஸ் மாட்டுகிற நேரத்தில் முடிந்துவிடும்.

போன வருஷம் பெவ்வின் பூனை செத்தபோது கார்டு எங்கே என்று கேட்டேன். "நமக்கு நாமே அனுப்பிக்கறதில்லடி. தபால்தலை தண்டம்," என்றார். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

ஜூன் 27

முதல் பிரதியை டாக்டரிடம் கொடுத்தேன். பொறுப்பு, கருணை, அறிவியல் ஆர்வம் மூன்றும் அதில் இருந்தது. ஒரு பசு கன்று ஈன்றதுகூட இருந்தது.

"நல்லா இருக்கு," என்றார். "யாரு இது?"

"நான்தான்."

"இல்லையே. நீ நேத்து டெஸ்மாரே பொம்பளைகிட்ட, பூனைக்குத் தீனி போடறீங்களா இல்ல சிமெண்ட் போடறீங்களான்னு கேட்டே. அவளக் காணோமே இதுல." தாளைத் திருப்பினார். "அப்புறம், படிப்பை விட்டதுக்கு 'தனிப்பட்ட காரணங்கள்'னு போட்டிருக்கே."

"ஆமா."

"ஜெயில்ல இருந்தியான்னு நெனப்பாங்க."

அவருக்குக் காரணம் தெரியும். ஊருக்கே தெரியும். எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய குதிரையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 2

அப்பாவிடம் பேசிவிட்டேன். பேசியிருக்கக் கூடாது.

அப்பா பால் டேங்கர் ஓட்டுகிறார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஆலையில் கொண்டுபோய் விடுகிற வேலை. லூக்கும் அதே வேலைதான் பார்த்தான். லூக்கின் வண்டியில் பக்கத்து இருக்கை பக்கெட்டுக்கு. லூக்குக்கு அப்புறம் அப்பாவின் வண்டியில் பக்கத்து இருக்கை பக்கெட்டுக்கு. ஒவ்வொரு பண்ணையிலும் அவனுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அம்மா அந்த வருஷமே நியூ ஹாம்ப்ஷயரில் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், வரவில்லை. ஆக, வீட்டில் நான், அப்பா, நாய். மூன்று பேரில் அதிகம் பேசுவது நாய்தான்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"பாதியில விட்டதைக் கேப்பாங்களா?" என்றார் அப்பா.

"கேக்கறாங்க."

"என்ன சொல்லப் போறே?"

"உள்ளதைச் சொல்லப் போறேன்."

முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். போடவில்லை, வைத்தார். "அவன் பேரு அதுல வரக் கூடாது."

"அப்பா, நான்..."

"பேப்பர்ல வந்துச்சு. ரேடியோல சொன்னாங்க. பெட்ரோல் பங்க்ல அவன் போட்டோ ஒட்டி உண்டியல் வச்சாங்க. அது போதும். என் பிள்ளைய வச்சு நீ சீட்டு வாங்க வேண்டாம்."

"சீட்டுக்காகவா நான் எழுதறேன்?"

"வேற எதுக்கு எழுதறே?"

மூவாயிரம் எழுத்தையும் கையில் வைத்துக்கொண்டு உப்பைத் தேடினேன். உருளைக்கிழங்கு ஆறிப்போனது. பக்கெட் என் முகத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், யார் தட்டு முதலில் கீழே வரும் என்று கணக்குப் போட்டான்.

ஜூலை 9

"தனிப்பட்ட காரணங்கள்." "குடும்பச் சூழ்நிலை." "எதிர்பாராத ஒரு நிகழ்வு." தூ.

ஜூலை 15

சரி, இங்கே எழுதுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை, சீட்டும் கொடுக்கப் போவதில்லை.

மார்ச்சில் ரெண்டு நாள் வெயில் அடித்தது, குளத்துப் பனி உள்ளுக்குள் இளகியிருந்தது. லூக் பனியில் ஓட்டும் மோட்டார் வண்டியில் பக்கெட்டையும் ஏற்றிக்கொண்டு உறைந்த குளத்தின் மேல் போனான், எல்லோரும் போவதுபோல. நான் காலேஜில் இருந்தேன். அப்பா வாசலில் டேங்கரைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு போன் பண்ணினார். அப்பா போன் பண்ணவே மாட்டார்.

"பக்கெட் நனைஞ்சு வந்திருக்கான்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் பையைக்கூட எடுக்கவில்லை.

அப்புறம் ஆள் ஆளாக வந்தார்கள். முக்குளிப்பவர்கள், வன இலாகா, தீயணைப்பு. எல்லாருக்கும் ஒரே வார்த்தை. காணோம். தேடிக்கிட்டிருக்கோம். காணோம். பனி மறுபடி இறுகிப்போச்சு, உள்ள எறங்க முடியல, உருகட்டும்னாங்க. காணாமப் போனதுக்கு அவன் என்ன சாவிக்கொத்தா? எங்க இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். கைய நீட்டிக் காட்டலாம். ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? நான் தெனமும் கரையில போய் நின்னேன். பரீட்சை எல்லாம் போச்சு. பேராசிரியர் ஒருத்தர் மெயில் அனுப்பினார், நிலைமை தெளிவானதும் சொல்லுன்னு. என்ன தெளிவாகணும்?

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. குளத்துப் பனிக்கு நடுவில் ஒரு சிமெண்ட் கல்லை வைத்து, அதைக் கயிற்றால் கரையில் ஒரு கடிகாரத்தோடு கட்டிவிடுவார்கள். பனி உடைந்து கல் விழுந்தால் கடிகாரம் நிற்கும். அது எந்த நாள் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். அந்த வருஷம் கல்லை எடுத்துவிட்டார்கள். அதுதான் எங்களுக்குக் காட்டிய மரியாதை.

ஏப்ரல் கடைசியில் பனி போனது. அவன் கிடைத்தான். அப்போதும் "கிடைச்சுட்டான்" என்றுதான் சொன்னார்கள். ஏதோ நல்ல செய்தி மாதிரி. இறந்துட்டான் என்ற அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும்தான்.

ஜூலை 24

இன்று ஒரு முயலை முடித்தோம். சின்னப் பெண் ஒருத்தியின் முயல். அவளுடைய அம்மா, "தூங்க வைக்கப் போறாங்க கண்ணு," என்றாள்.

டாக்டர் அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்தார். "தூங்க வைக்கல. இந்த ஊசி போட்டா இவன் இறந்துடுவான். வலி இருக்காது. நான் காதை வச்சுக் கேட்டுட்டு உன்கிட்ட சொல்றேன்." அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் கண்டுகொள்ளவில்லை. ஊசி போட்டார், ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், அவசரமில்லாமல் கேட்டார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணை மட்டும் பார்த்து, "இறந்துட்டான்," என்றார்.

பெண் தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

ஏன் இப்படி என்று பிறகு கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "முன்னாடி நானும் தூங்கறான்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஒரு பையன் மறுநாள் வந்தான். எந்திரிச்சானான்னு கேட்டான்."

அந்தப் பெண் தலையாட்டியதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவர் கேட்டுப் பார்த்து, உறுதி செய்து, முகத்தைப் பார்த்து அவளிடம் சொன்னார்.

இதுவா காரணம்? இதை வைத்தா சீட்டுக் கேட்பது? தேர்வுக் குழுவினரே, நான் சாவைச் சொல்லப் படிக்கப் போகிறேன். பைத்தியக்காரி என்பார்கள்.

ஆகஸ்ட் 6

பக்கெட்.

காலையில் பத்து மணி இருக்கும், ஜன்னலில் வெளிச்சம் அடைபட்டது. பார்த்தால் பால் டேங்கர். தெருவை முழுக்க மறித்துக்கொண்டு நிற்கிறது. அப்பா கதவை உதைத்துத் திறந்தார், கையில் பக்கெட். முப்பது கிலோ நாய் துணி மாதிரித் தொங்குகிறான்.

"ரவல் பண்ணையில எறங்கினான். பிஸ்கட் டப்பா வரைக்கும் போனான். விழுந்துட்டான்." அதையே இரண்டு தடவை சொன்னார்.

ஈறு வெள்ளை. வயிறு இறுகியிருந்தது. டாக்டர் ஊசியை விட்டு இழுத்தார், குழலில் ரத்தம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"மண்ணீரல்ல கட்டி, அர்மாண்ட். அது உடைஞ்சிருக்கு," என்றார் அப்பாவிடம். "அறுத்துப் பாக்கலாம். மேசையிலேயே இறந்துடலாம். தப்பிச்சாலும் கட்டி மறுபடி வரும்."

"நாளைக்கு வரைக்கும்..."

"நாளைக்குக் கெடையாது."

அப்பா மேசையிலிருந்து அவனைத் தூக்கினார். தரையில் உட்கார்ந்தார், அந்தப் பெரிய பூட்ஸோடு, ஓடு பதித்த தரையில். பக்கெட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "இங்கேயே," என்றார். பெவ் வெளியே போய் டேங்கருக்குப் பின்னால் ஹாரன் அடிப்பவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. "சுத்திப் போடா. உனக்கு என்ன, கல்யாணத்துக்கா நேரமாச்சு?"

காலைப் பிடித்தது நான். என் வேலையே அதுதான். கட்டைவிரலை நரம்பின் மேல் அழுத்தி லேசாக வெளிப்பக்கம் உருட்ட வேண்டும், நரம்பு எழும்பும். நூறு தடவை செய்திருப்பேன். ஊசி உள்ளே போனதும் விரலை எடுக்க வேண்டும். எடுத்தேன். இளஞ்சிவப்பு மருந்து. அவன் ஒரு பெருமூச்சு விட்டான், வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் விடுவானே, அதே மாதிரி.

டாக்டர் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னைப் பார்த்து, "நீ கேட்டுச் சொல்லு," என்றார்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தார். வைத்தேன். ஒன்றும் இல்லை. அப்பா என் வாயையே பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. வரலை. வாயத் தொறந்தேன், வரலை. எத்தன தடவ கேட்டுருக்கேன் அந்த வார்த்தைய. எங்கப்பா தரையில உக்காந்து கேக்கறாரு, நான் மரம் மாதிரி நிக்கறேன்.

கடைசியில் டாக்டர்தான் சொன்னார்.

சாயங்காலம் கணினியில் அவன் பக்கத்தில் "இறந்தது" என்ற கட்டத்தை நானே அழுத்தினேன். உரிமையாளர் பெயரைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7

அப்பா வேலைக்குப் போனார். பக்கத்து இருக்கையில் போர்வை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 8

வெள்ளி. வேலைக்குப் போனேன், வீட்டில் இருப்பதற்கு இது தேவலாம் என்று. பெவ் லீவு, பேத்திக்குக் காது குத்துகிறார்களாம். அவருடைய இடத்தில் கெல்சி, கோடைக்கு வந்திருக்கும் புதுப்பெண். பெவ் சொல்லிக்கொடுத்தபடி கார்டையெல்லாம் ஓடு மாதிரி நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தாள். நின்றுகொண்டே போட்டேன். கை தானாகப் போனது.

கட்டுரை? எந்தக் கட்டுரை.

ஆகஸ்ட் 13

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா சமையலறை மேசையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே உப்புச் சீசாவில் சாய்த்து ஒரு கார்டு. நாய்க்குட்டியின் காலடித் தடம் போட்ட கார்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நாங்கள் பெட்டி பெட்டியாக வாங்குவது அதுதான்.

உள்ளே கெல்சியின் உருண்டைக் கையெழுத்து:

அன்புள்ள லூக்,
உங்கள் பக்கெட் இறந்துவிட்டான் என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. அவன் ரொம்ப நல்லவன். உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கீழே கையெழுத்துகள். டாக்டருடைய கிறுக்கல். கெல்சி, பக்கத்தில் ஒரு இதயம். அதற்கும் கீழே, வாலை நீட்டி, மார்கோ. நான்.

கெல்சிக்கு என்ன தெரியும். கணினி உரிமையாளர் பெயர் கொடுத்தது, அவள் எழுதினாள். மாற்றவா மாற்றவா என்று பெவ் கேட்டபோதெல்லாம் இருக்கட்டும் என்றவள் நான். எங்களுக்கு நாங்களே அனுப்பிக்கொள்வதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் கையெழுத்துதானே இது?"

"ஆமாப்பா."

"படிக்காமயா போட்டே?"

"ஆமா. அடுக்கி வச்சிருந்தாங்க. கீழ் ஓரம் மட்டும்தான் தெரியும்."

தலையாட்டினார். உறையை எடுத்தார். கத்தியால் ஒழுங்காகக் கீறித் திறந்திருக்கிறார். "அவன் பேருக்கு இன்னும் கடிதாசி வருது. எல்லாம் விளம்பரம், பில்லு. பிரிக்கறதில்ல, அப்படியே திருப்பி அனுப்பிடுவேன். இதுல கையால எழுதியிருந்துச்சு." உறையைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "அவனுக்கு வந்தது. நான் பிரிச்சிருக்கக் கூடாது."

"அப்பா, தப்பா வந்துருச்சு. நான் நாளைக்கே..."

"அந்த நாய் செத்த அன்னைலேருந்து எனக்கு ஒரே யோசனை. வண்டிய ஓட்டறேன், அதான். பால் அளக்கறேன், அதான். அவன் நாய் செத்துப் போச்சே, அவனுக்கு யாரு சொல்றதுன்னு." கார்டை நேராக நிமிர்த்தி வைத்தார், சாய்ந்திருந்தது. "பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அதே யோசனை. சரி, நீ சொல்லிட்டே."

நான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, அழுகை இல்லாமல், டாக்டர் சொல்வதுபோல அவர் முகத்தைப் பார்த்து வந்தது.

"பக்கெட் இறந்துட்டான்பா. லூக் இறந்துட்டான்."

அப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ம்," என்றார். "கேட்டுச்சு."

அதற்கப்புறம்தான் அழுதார். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன், முட்டை உடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உன் காலேஜ் காகிதத்துல, அவன் செத்ததை எழுதாதே."

"எழுதல."

"இதை வேணா எழுது." ஈரக் கையால் கார்டைக் காட்டினார்.

ஆகஸ்ட் 14

கெல்சிக்கு விஷயம் தெரிந்து மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெவ் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் நான் கதவுக்கு வெளியே நின்று, "வெளிய வா, நீ எழுதினதை எங்கப்பா ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டார்," என்றேன். கதவு திறந்தது. "நெஜமாவா?" மூக்கு பழுத்திருந்தது.

பெவ் இந்த முறை பெயரை மாற்றவா என்று கேட்கவில்லை. நான்தான் திரையை எட்டிப் பார்த்தேன். நாய் பெயருக்கு எதிரே "இறந்தது". லூக் பெயருக்கு எதிரே இன்னும் "நடப்பு வாடிக்கையாளர்".

"இதுக்குக் கட்டம் இல்லடி," என்றார் பெவ். "நாய்க்கு மட்டும்தான் வச்சிருக்கான்."

செப்டம்பர் 3

"என் அண்ணனுக்கு அவனுடைய நாய் இறந்த செய்தியைச் சொல்லும் கார்டில், அண்ணன் இறந்து இரண்டு வருஷம் கழித்து, நான் கையெழுத்துப் போட்டேன்." முதல் வாக்கியம். அதற்குக் கீழே மீதி எல்லாம் தானாக வந்தது. முயல் வந்தது. "காணோம்" வந்தது. குளம் வரவில்லை, பனி வரவில்லை. பரீட்சை ஏன் போனது என்பதற்கு ஒரே வரி: யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். டெஸ்மாரே பூனையின் சிமெண்டும் ஓர் ஓரத்தில் இருக்கிறது.

டாக்டர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நாய் இருக்கே," என்றார்.

"இருக்கு."

"மூணாவது வரியில செத்துடும்னு சொன்னேன்."

"மொத வரியிலயே செத்துடுச்சு டாக்டர்."

இன்னொரு தடவை முழுக்கப் படித்தார். "நாலாவது பத்தியில ஒரு காற்புள்ளி தப்பு," என்று தாளை நீட்டினார்.

செப்டம்பர் 12

அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் அப்பாவிடம் படித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் பேரை சரியா எழுதியிருக்கியா? நிறைய பேர் கடைசி எழுத்தைத் தப்பாப் போடுவாங்க," என்றார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 5

ஒரு கல்லூரி வேண்டாம் என்றுவிட்டது. "இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் மிகத் திறமையானவர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது நான் தவிர. ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் அப்பாவிடம் போய், "கெடைக்கலப்பா," என்று சொன்னேன். நேராக, முகத்தைப் பார்த்து. அது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான் போங்கள்.

இரண்டாவது கல்லூரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 18

இந்த வருஷமும் குளத்தில் கல்லை வைத்துவிட்டார்கள். அப்பா வண்டியில் போகும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நானும்.

பிப்ரவரி 20

இரண்டாவது கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இன்றைக்குத்தான். மூன்று மணி நேரப் பயணம், சாலை முழுக்கப் பனி, அப்பா தான் ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். டேங்கர் இல்லை, சின்ன வண்டி. கறுப்புக் கால்சட்டை போட்டிருக்கிறேன், பெவ் கடன் கொடுத்தது, இடுப்பில் ஊக்கு. "அங்கப் போயி சிமெண்ட் அது இதுன்னு பேசாதே," என்றார் பெவ். "பேசினாலும் பேசு."

சாமான் வைக்கக் கீழே போனபோது பார்த்தேன். டேங்கரிலிருந்த பக்கெட்டின் போர்வையை அப்பா இந்த வண்டியின் பக்கத்து இருக்கையில் விரித்திருக்கிறார். எப்போது மாற்றினார் என்று தெரியாது. துவைக்கவே இல்லை, முடி அப்படியே அப்பிக்கிடக்கிறது. கறுப்புத் துணியில் ஒட்டினால் அவ்வளவுதான். எடுத்துப் பின்னால் போட்டுவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தேன். விட்டுவிட்டேன்.

முன் கண்ணாடிக்குக் கீழே குளத்துப் பந்தயச் சீட்டு இரண்டு கிடந்தது. ஒன்றில் அவர் பெயர், ஏப்ரல் பதினெட்டு. இன்னொன்றில் நாள் எதுவும் போடவில்லை, லூக்கின் பெயர் மட்டும் எழுதி வைத்திருக்கிறார். கடைசி எழுத்து சரியாக இருக்கிறது.

கேட்டால் என்ன சொல்வது என்று மறுபடி ஒத்திகை பார்க்கலாம் என்றுதான் மேலே வந்தேன். நீ ஏன் கால்நடை மருத்துவர் ஆக

அப்பா ஹாரன் அடிக்கிறார். போகணும்.